மத்தளம்பாறையில் கரண்ட் போனால் மெயில் நின்றுவிடுமா?

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பள்ளியில் இரண்டு விஷயங்கள் உறுதி. மைதானத்தில் தென்னை மட்டை விழும். மதியத்துக்குள் ஒருமுறையாவது மின்சாரம் போகும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. அப்படி ஒரு மதியம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்போடு இருந்தேன். மின்சாரம் போனது. யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், மத்தளம்பாறையில கரண்டு போயிட்டுன்னா ஊரு ஒலகத்துல உள்ள மெயிலெல்லாம் நின்னுருமா?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. அவனுடைய அக்கா மத்தளம்பாறையில் உள்ள சோஹோ அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. 2011 முதல் தென்காசிப் பக்கம் அலுவலகம் நடத்துகிறது. மின்னஞ்சல் சேவையும் தருகிறது. அக்கா வேலை பார்க்கும் இடத்தில்தான் அஞ்சல்கள் எல்லாம் இருக்கும் என்று தம்பி நினைத்ததில் தவறென்ன?

"நிற்காது. சர்வர் அங்கே இல்லை. இந்தியாவில் உள்ள பயனாளர்களின் தரவை மும்பையிலும் சென்னையிலும் உள்ள மையங்களில்தான் வைத்திருக்கிறார்கள்" என்றேன். அவன் விடவில்லை. "சரி சார், மும்பையில போயிட்டுன்னா?"

"சென்னைக்கு மாறும்."

"யாரு மாத்துவா? மாறும்போது நடுவுல வந்த மெயிலு எங்க போவும்?"

அங்கே நான் நின்றுவிட்டேன். அறிவியல் ஆசிரியன் நான். கணினி எனக்குப் பிற்பாடு வந்த பழக்கம். இரண்டு நாள் தவணை கேட்டேன். உண்மையில் அந்தக் கேள்வி என்னைக் குத்தியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் பள்ளியின் மின்னஞ்சலே அதற்கு முந்தைய ஆண்டு பன்னிரண்டு நாள் திறக்க முடியாமல் கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

துண்டுச்சீட்டு விளையாட்டு

படித்துப் பார்த்ததைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று தோன்றியது. விளையாட்டாகவே செய்தோம். ஒன்பதாம் வகுப்பு அறை முதன்மை மையம். நூலகம் மாற்று மையம். தாழ்வாரத்தில் பத்துப் பேர் அஞ்சல் அனுப்புகிறவர்கள். அவர்கள் கையில் ஒன்று முதல் அறுபது வரை எண்ணிட்ட துண்டுச்சீட்டுகள். சீட்டை முதன்மை மையத்தில் கொடுக்க வேண்டும். அங்கே ஒருத்தி நோட்டில் பதிந்துகொண்டு "வந்தாச்சு" என்று சொல்வாள். அந்தச் சொல் கிடைத்ததும், அனுப்பியவன் தன்னிடம் உள்ள பிரதியைக் கிழித்துவிட வேண்டும். ஐந்து சீட்டுக்கு ஒருமுறை ஒரு மாணவன் நூலகத்துக்கு ஓடி, அங்குள்ள நோட்டில் நகல் எழுதி வருவான்.

நான் சொல்லாமல் கொள்ளாமல் மணியடித்தேன். "ஒன்பதாம் வகுப்பு அறை எரிந்துவிட்டது. உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் வெளியே!" பிறகு நூலகம் சீட்டு வாங்கத் தொடங்கியது.

முடிவில் கணக்குப் பார்த்தோம். நூலக நோட்டில் 35 வரைதான் இருந்தது. மணியடித்தபோது முதன்மை மையம் 39 வரை "வந்தாச்சு" சொல்லியிருந்தது. 36, 37, 38, 39 ஆகிய நான்கு சீட்டுகள் எங்குமே இல்லை. அனுப்பியவனும் கிழித்துவிட்டான், வாங்கியவளின் நோட்டும் எரிந்துபோனது. 40 முதல் 60 வரை உள்ளவை பத்திரமாக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

அப்போது ஒரு மாணவி சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன்: "கையில வச்சிருந்தது ஒண்ணும் தொலயல சார். வாங்கிட்டேன்னு சொன்னதுதான் தொலஞ்சிருக்கு."

நான் இரண்டு நாள் படித்ததன் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982இல் வரையறுக்கப்பட்டு, 2008இல் திருத்தி எழுதப்பட்ட விதி. அதன்படி ஒரு சர்வர் அஞ்சலைப் பெற்றுக்கொண்டதும் 250 என்ற எண்ணைப் பதிலாகச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டில் "வந்தாச்சு". அதைச் சொன்ன கணத்திலிருந்து அந்த அஞ்சலுக்குப் பொறுப்பு, பெற்றுக்கொண்ட சர்வருடையது. 250 வரவில்லையென்றால் அனுப்பும் சர்வர் அஞ்சலைத் தூக்கிப் போடாது, வரிசையில் வைத்துக்கொள்ளும். பொதுவாக அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும், நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று விதி அறிவுறுத்துகிறது.

ஆகவே ஒரு சர்வர் சில மணி நேரம் நின்றுபோனால் அந்த நேரத்தில் நமக்கு வர வேண்டிய அஞ்சல்கள் பெரும்பாலும் தொலைவதில்லை, தாமதமாகும், அவ்வளவுதான். அஞ்சலை வடிவமைத்தவர்கள் கம்பி அறுபடும், இயந்திரம் நிற்கும் என்று எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஆபத்து இருப்பது பெற்றுக்கொண்டதற்கும் நகலெடுத்ததற்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளியில்.

அப்படியானால் நகல் போய்ச் சேர்ந்த பிறகே "வந்தாச்சு" சொன்னால் என்ன? பிள்ளைகளே கேட்டார்கள், செய்தும் பார்த்தோம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருவன் நூலகத்துக்கு ஓடித் திரும்பினான். ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் தாழ்வாரத்தில் வரிசை சத்துணவுக் கூடம்வரை நீண்டுவிட்டது. ஓடிய பையன் பத்தாவது சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். போய்த் திரும்பக் குறைந்தது நூறில் ஒரு பங்கு விநாடி. கம்பி நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஓர் அஞ்சலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சின்ன எழுத்துவேலைக்கும் அவ்வளவு நேரம் காத்திருப்பது என்றால், லட்சக்கணக்கான அஞ்சல் பெட்டிகள் உள்ள இடத்தில் அது பெரிய சுமை. அதனால் ஒரே ஊருக்குள் உள்ள இரண்டு இயந்திரங்களுக்கிடையே "நகல் முடிந்ததும் பதில்" என்றும், தொலைவிலுள்ள மையத்துக்குச் "சற்றுப் பின்தங்கிய நகல்" என்றும் வைத்துக்கொள்வது வழக்கம். எத்தனை நிமிடத்து அஞ்சலை இழந்தால் தாங்கலாம், எத்தனை மணி நேரத்தில் மீண்டு வர வேண்டும் என்ற இரண்டு எண்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவார்கள். இவை பணத்தையும் பொறுப்பையும் பற்றிய எண்கள். கணினி தாமாகச் சொல்லாது.

பலகையில் எழுதிய முகவரி

மணியடித்ததும் இன்னொன்றும் நடந்தது. அறை வாசலில் "சீட்டு இங்கே" என்று எழுதியிருந்த பலகையை எடுத்து நூலக வாசலில் வைத்தோம். ஆனாலும் இரண்டு பேர் எரிந்துபோன அறைக்கே போய் நின்றார்கள். "பலகையைப் பார்க்கலயாடே?" என்றால், "அதான் ஏற்கெனவே பார்த்தாச்சே சார்" என்றார்கள்.

இணையத்தில் அந்தப் பலகைக்கு டி.என்.எஸ். என்று பெயர். முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற டொமைன் பெயரைச் சொல்லி, இதற்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், அது எம்.எக்ஸ். பதிவுகளைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சிறிய எண்ணுள்ள சர்வரை முதலில் முயல வேண்டும், அது பேசாவிட்டால் அடுத்ததை. ஒவ்வொரு பதிலோடும் "இதை இத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம்" என்ற குறிப்பும் வரும். 86,400 என்று இருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பார்கள், என் இரண்டு மாணவர்களைப் போல. மாற்றப் போவது முன்பே தெரிந்தால் அந்த எண்ணை 300 அளவுக்கு, அதாவது ஐந்து நிமிடத்துக்கு, முந்தின நாளே குறைத்து வைப்பது கைப்பழக்கமுள்ளவர்களின் வழி. தீ விபத்து முந்தின நாள் சொல்லிவிட்டு வருவதில்லை என்பதால் சிலர் எப்போதுமே குறைவாக வைத்திருப்பார்கள்.

பலகையே காணாமல் போனால்? 2018 செப்டம்பர் 24 அன்று சோஹோவுக்கு அதுதான் நடந்தது. அதன் அஞ்சல் சேவை வழியாக மோசடி அஞ்சல்கள் போவதாக வந்த புகார்களை முன்னிட்டு, சோஹோ.காம் என்ற டொமைன் பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவு நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. சோஹோவின் தரவு மையம் ஒன்றிலும் தீயில்லை, வெள்ளமில்லை. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் வழி பலருக்குத் தெரியவில்லை. முடக்கம் நீங்கிய பிறகும், "பெயர் இல்லை" என்ற பழைய பதிலை நினைவில் வைத்திருந்த கணினிகள் தடுமாறிக்கொண்டிருந்தன. நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு பொதுவெளியில் விளக்கம் சொல்லி, வேறு டி.என்.எஸ். சர்வர்களைப் பயன்படுத்தச் சொல்லும் நிலை வந்தது. நிறுவனம் பிறகு தன் டொமைன் பெயரை வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொண்டது. இதை வகுப்பில் சொன்னபோது அக்காவின் தம்பி முகத்தில் ஒரு வருத்தம். "ரெண்டு எடத்துல சர்வர் வச்சும் பெயரு ஒரு எடத்துலதான சார் இருந்துருக்கு" என்றான்.

இதன் மறுபக்கமும் உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல்கள் அண்மையில் தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து சோஹோவின் அமைப்புக்கு மாற்றப்பட்டன. அவர்களின் முகவரி என்.ஐ.சி. டாட் இன் என்றும் கவ் டாட் இன் என்றும் முன்போலவே இருக்கிறது. பெயர் நம் கையில் இருந்தால் அஞ்சல் வைத்திருக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். எழுதுகிறவருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை.

இரண்டு தலைமை

மூன்றாம் சுற்றில் கொஞ்சம் குறும்பு செய்தேன். நூலகம் பொறுப்பேற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் சொல்லாமல் ஒன்பதாம் வகுப்பு அறையில் இருந்தவர்களிடம் போய், "கரண்ட் வந்துவிட்டது, வேலையைப் பாருங்கள்" என்றேன். அவர்கள் பலகை வேறு ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு சீட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நோட்டிலும் 41ஆம் வரிசையில் வெவ்வேறு சீட்டு. எது சரியான நோட்டு? இரண்டுமே சரிதான், அதனால்தான் சிக்கல். ஒட்டிச் சேர்க்க அரைமணி நேரம் ஆனது, அப்போதும் சண்டை.

மின்னஞ்சல் சர்வர்களை மாற்று மையத்துக்கு மாற்றுவதில் அனுபவசாலிகள் பயப்படுவது சர்வர் நிற்பதற்கு அல்ல, இதற்குத்தான். மும்பைக்கும் சென்னைக்கும் நடுவே கம்பி மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெரிவதெல்லாம் "மும்பை பேசவில்லை" என்பதே. மும்பை செத்துவிட்டதா, பேச முடியாமல் இருக்கிறதா? தெரியாது. தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டால் இரண்டு தலைமை ஆகிவிடும். என் மாணவர்கள் சொன்ன தீர்வு, "நடுவுல ஒருத்தர வச்சுக் கேக்கணும் சார்." அதேதான். பெரும்பான்மை வாக்கு யாரிடம் இருக்கிறதோ அவரே தலைமை; சரிசமமாகப் பிரிந்தால் மூன்றாவது இடத்திலுள்ள சாட்சி சர்வர் யார் பக்கம் என்று பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் 2010 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அதில் இன்னொரு நுட்பமும் உண்டு: இரண்டு மையங்களில் பரப்பி வைத்திருக்கும்போது அதற்கான அமைப்பை இயக்கிவைத்தால், மின்சாரம் திரும்பிய சர்வர் எழுந்தவுடன் அஞ்சல் பெட்டிகளைத் திறந்துவிடாது. மற்ற சர்வர்களைக் கேட்டு, திறக்கலாம் என்று தெரிந்த பிறகே திறக்கும். விடுப்பு முடிந்து வந்தவர், பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவதுபோல.

வாக்குகளில் பெரும்பான்மை முதன்மை மையத்தோடு சேர்ந்து போய்விட்டால் மாற்று மையம் தானாக எழாது. ஒரு மனிதர் முடிவெடுத்து, பழைய மையம் இனி இல்லை என்று அறிவித்து, கட்டளையிட வேண்டும். அந்த முடிவு எளிதல்ல. இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் தொடங்கிய சிக்கலில் காலை 11.40க்கு வணிகம் நின்றது, 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. மாற்று மையம் இருந்தது, அங்கே மாறவில்லை. பிறகு 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, விடுமுறை நாளில் சந்தையைத் திறந்தார்கள். காலையில் முக்கால் மணி நேரம் முதன்மை மையத்திலிருந்து வணிகம், அதன்பின் 11.30 முதல் ஒரு மணி நேரம் மாற்று மையத்திலிருந்து வணிகம். உண்மையான பணத்தோடு ஓர் ஒத்திகை. நம் பள்ளிகளில் தீத்தடுப்பு ஒத்திகை நடத்துகிறோமே, அந்த மாதிரி.

ஒரே மலை, ஒரே மழை

குற்றாலத்தில் பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் வெளியூர்க்காரர்கள் ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்கு ஓடுவார்கள். அங்கேயும் தடை இருக்கும். உள்ளூர்க்காரர்கள் ஓடமாட்டார்கள், இரண்டுக்கும் மழை ஒரே மலையில்தான் பெய்கிறது என்று தெரியும்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போனது. தங்கள் காப்பு நகலை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென் கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து பற்றிய தீயில், அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அழிந்தது. 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியில் நகல் எடுக்கவில்லை என்றார்கள். தொழில்நுட்பத்தில் நம்மைவிட முன்னால் நிற்கிற நாடு அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நம் பக்கத்து ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முதன்மை மையம் திருநெல்வேலியிலும் மாற்று மையம் தூத்துக்குடியிலும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் கேட்டேன். பதில் சொல்ல யாருக்கும் நேரம் ஆகவில்லை. தமிழக அரசின் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் இருக்க, அதற்கான மாற்று மையத்தைக் கடலிலிருந்து விலகிய திருச்சியில் வைத்திருப்பதன் காரணமும் அவர்களுக்கு அப்போது புரிந்தது.

மாற்று மையம் வேறு, காப்பு நகல் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல ஆசிரியர்கள் இரண்டையும் ஒன்றென நினைக்கிறோம். முதன்மை மையத்தில் ஓர் அஞ்சலைத் தவறுதலாக அழித்தால் மாற்று மையத்திலும் அது சில நொடியில் அழிந்துவிடும்; நகல் என்றால் எல்லாவற்றையும்தானே நகலெடுக்கும்! 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளில் புகுந்த ஒரு பிழை, பல இடங்களில் இருந்த நகல்களையும் சேர்த்துத் தாக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பயனாளர்களில் 0.02 சதவீதம்தான், ஆனால் அவர்களுக்குப் பெட்டி முழுக்கக் காலி. கூகுள் அதை மீட்டது எதிலிருந்து தெரியுமா? இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து. மாணவர்களுக்கு டேப் என்றால் என்னவென்று காட்ட என் வீட்டிலிருந்து பழைய பாட்டு கேசட் ஒன்றைக் கொண்டுபோனேன். அதை ஒருவர் மாற்றி ஒருவர் திருகிப் பார்த்ததில் நாடா வெளியே வந்து சிக்கிக்கொண்டது வேறு கதை.

எங்கள் பன்னிரண்டு நாள்

இப்போது எங்கள் பள்ளிக்கு வருகிறேன். சோஹோவும் கூகுளும் எத்தனை மையம் வைத்திருந்தாலும் எங்களுக்குப் பயன்படவில்லை, ஏனென்றால் அறுந்த இடம் எங்கள் பக்கம்.

பள்ளியின் மின்னஞ்சலை அலுவலகக் கணினி ஒன்றில் மட்டும் திறந்து வைத்திருப்போம். ஆண்டுக்கணக்கில் யாரும் வெளியேறியதும் இல்லை, கடவுச்சொல் கேட்டதும் இல்லை. ஓர் ஆகஸ்டில் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போனது. புதிது போட்டு, மின்னஞ்சலைத் திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்டது. டைரியில் இருந்ததை அடித்தோம். புதிய கணினி என்பதால் சரிபார்ப்பு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த எண்ணுக்கு? கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் எழுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். மே மாதம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் எண். அவரை அழைத்தோம். "அந்த சிம்மை அப்பவே விட்டுட்டேனே தம்பி" என்றார் பாவம்.

அந்தப் பெட்டிக்குள் ஓர் அஞ்சல் காத்திருந்தது. என்.எம்.எம்.எஸ். தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் மாணவி ஒருத்தியின் பெயர் வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, பத்து நாளுக்குள் திருத்தி அனுப்பவும் என்று. ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புவரை. பீடி சுற்றுகிற அம்மாவின் மகள் அவள். பன்னிரண்டாம் நாள் வேறொரு பள்ளியின் ஆசிரியை தற்செயலாகப் போனில் கேட்டார்: "உங்க பிள்ளைக்குத் திருத்தம் அனுப்பியாச்சா சார்?" அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நானும் தலைமையாசிரியரும் ஆவணங்களோடு நேரில் போய் நின்றோம். ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காமலும் இருந்திருக்கலாம், தவறு எங்களுடையது. அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை இது தெரியாது.

விளையாட்டின் மொழியில் சொன்னால், அது "வந்தாச்சு" என்று சொல்லப்பட்ட அஞ்சல். அனுப்பியவர்கள் தம் பொறுப்பு முடிந்தது என்று இருந்தார்கள், சரியாகவே. வாங்கிய நோட்டு பூட்டிய அறைக்குள் கிடந்தது. சாவி, வழக்கில் இல்லாத ஒரு சிம் கார்டில்.

இப்போது செய்திருப்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மீட்பு எண்ணாகத் தலைமையாசிரியர் எண்ணோடு உதவித் தலைமையாசிரியர் எண்ணும் இருக்கிறது. மீட்பு மின்னஞ்சல் வேறொரு நிறுவனத்தின் சேவையில் தொடங்கியது. ஒரே மலை மழை கூடாது என்று அந்த மாணவி சொன்னாள். கணக்கைத் திறக்க உதவும் ஒருமுறைப் பயன்பாட்டு எண்களை அச்சிட்டு, வினாத்தாள் வைக்கும் பீரோவில் உறையிட்டு வைத்திருக்கிறோம். முக்கியமான அஞ்சல்களை மாதக் கடைசியில் பென் டிரைவில் இறக்கிக்கொள்கிறோம். பருவத்துக்கு ஒருமுறை அலுவலகக் கணினியைத் தொடாமல், வேறொரு கணினியில், எழுத்தர் இல்லாத நேரத்தில், உறையைப் பிரித்து மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறோம். முதல் ஒத்திகையில் திறக்கவில்லை. அச்சிட்ட எண்களில் ஒன்றை யாரோ 8க்குப் பதில் 3 என்று மேலெழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை திறந்தது.

திரும்பி வருவதுதான் இதில் கடினமான பகுதி என்று படித்திருந்தேன். மாற்று மையத்தில் சேர்ந்த அஞ்சல்களை எல்லாம் முதன்மை மையத்துக்குத் திருப்பி நகலெடுத்து, இரண்டும் சமமான பிறகே பலகையை மாற்ற வேண்டும். அவசரத்தில் போனவர்கள் நிதானமாகத் திரும்ப வேண்டும். எங்கள் விளையாட்டில் பிள்ளைகள் மணியடித்ததும் நூலக நோட்டை நூலகத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் நோட்டைக் காணோம். நூலகத்துக்குப் பொறுப்பான டீச்சர் பழைய காகிதம் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்.

கேள்வி கேட்டவன் இப்போது பத்தாம் வகுப்பு. போன மே மாதம் எங்கள் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனார். புதியவரும் அவரும் அலுவலகக் கணினி முன்னால் நின்றுகொண்டு மீட்பு எண்ணை மாற்றினார்கள். எழுத்தர் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவி, முத்திரை, பணப் புத்தகத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார்: "பள்ளி மின்னஞ்சல் – திறந்து காட்டப்பட்டது." இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே மின்சாரம் இல்லை; யு.பி.எஸ்.சில்தான் முடித்தோம்.